குடோன், கிட்டங்கி, கிடங்கு: ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

காரைக்குடியில் அரிசி மண்டிக்காரரைக் கேட்டால் 'குடோன்' என்பார். லாரிக்காரருக்கும் குடோன்தான், எழுதும்போது மட்டும் கொடவுன், குடவுன், கோடவுன் என்று அவரவர் கைக்கு வந்தபடி. ரேஷன் அரிசி மூட்டை இறங்கும் அரசுக் கட்டடத்தின் பலகையில் 'கிடங்கு' என்று இருக்கும். வயசான ஆச்சிகளும் ஐயாக்களும் பினாங்கு, சிங்கப்பூர்ப் பேச்சை எடுத்தால் 'கிட்டங்கி' வரும். ஒன்று இங்கிலீஷ், ஒன்று சர்க்கார் தமிழ், ஒன்று நம்ம பக்கத்து வழக்கு என்றுதான் பலரும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினை தப்பு. மூன்றும் ஒரே சொல். ஒன்று வீட்டைவிட்டு நகரவே இல்லை. இன்னொன்று ஆந்திரக் கரை வரை போய்த் திரும்பியது. மூன்றாவது மலாக்கா போய், போர்ச்சுகீசியர் கப்பலில் ஏறி, இங்கிலீஷ்காரன் வாயில் நுழைந்து, அடையாளம் தெரியாமல் ஊருக்கு வந்து இறங்கியது.

ஆகவே "குடோன் என்று சொல்லாதே, தூய தமிழில் கிடங்கு என்று சொல்" என்று யாராவது திருத்தினால், அவர் தம்பியைத் துரத்திவிட்டு அண்ணனைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

வேர் 'கிட'. தமிழில் இந்த வினைக்கு வேலை அதிகம். ஆள் பாயில் கிடக்கிறான், பணம் முடங்கிக் கிடக்கிறது, மனு கிடப்பில் கிடக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக உள்ளது, அசையாமல் ஓரிடத்தில் தங்குவது. ஆட்டுக்கிடையைப் பாருங்கள். சிவகங்கைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ராத்திரிக்கு ஆடுகளைக் கூட்டமாகப் படுக்க வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். பகலில் ஆடு மேயும் இடத்தை யாரும் கிடை என்று சொல்வதில்லை. ஆடு கிடக்கும் இடம்தான் கிடை. அதே கணக்கில் தண்ணீர் கிடக்கும் பள்ளமும் கிடங்கு, சரக்கு கிடக்கும் கட்டடமும் கிடங்கு.

தண்ணீர்ப் பொருள்தான் பழைய இலக்கியத்தில் கண்ணில் படுவது. மதுரைக்காஞ்சியில் 'மண்ணுற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்' என்று வருவது பாண்டியன் கோட்டையைச் சுற்றிய அகழி. இன்றைய காதோடு படித்தால் மதுரையில் யாரோ தண்ணீரை மூட்டை கட்டி அடுக்கியிருந்தது போலத் தோன்றும். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனை 'கிடங்கிற் கோமான்' என்கிறார்கள். அந்தக் கிடங்கில் என்ற ஊர் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. இங்கேயும் கிடங்கு என்றால் குடோன் என்று எடுத்துக்கொண்டு, சங்க காலத்திலேயே அங்கே பெரிய தானியக் கிடங்கு இருந்தது என்று எழுதினால் அது சறுக்கல்தான். ஒரு சொல்லின் இன்றைய பொருளைப் பழைய வரிக்குள் திணிப்பதுதான் சொல்லாராய்ச்சியில் முதலில் நடக்கிற, அடிக்கடி நடக்கிற பிழை.

அகழிப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் மலையாளம். அங்கே 'கிடங்ஙு' என்றால் வெட்டிய பள்ளம், அகழி. காட்டோரத்தில் யானை இறங்காமல் இருக்க வெட்டுவது ஆனக்கிடங்ஙு. கேரளத்துக்காரரிடம் கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று தமிழில் சொன்னால், குழியில் ஏன் போட்டீர்கள் என்று யோசிப்பார். நாம் அகழியை 'அகழி'யிடமே கொடுத்துவிட்டுச் சரக்கை வைத்துக்கொண்டோம். அவர்கள் சரக்கை விட்டுவிட்டுப் பள்ளத்தை வைத்துக்கொண்டார்கள். ஒரே தாய்ச் சொல்லின் இரண்டு பொருளும் ஒவ்வொரு மொழியில் ஒவ்வொன்றாகத் தங்கியிருப்பதால், இரண்டும் பழையவை என்று நம்பலாம்.

பள்ளம் எப்படிக் கட்டடம் ஆயிற்று? நிலத்தில் குழி வெட்டித் தானியம் சேமிப்பது தென்னாடு முழுக்க இருந்த பழக்கம். தெலுங்கில் அதற்குப் பாதர என்றே தனிப் பெயர் உண்டு. அதனால் அகழி, பிறகு தானியக் குழி, பிறகு தானியக் கட்டடம் என்று படிப்படியாக வந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வளவு சுற்று தேவையில்லை என்று படுகிறது. கிட என்ற வினையே போதும். நீரும் நெல்லும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பெயர் வாங்கவில்லை. இரண்டும் கிடந்ததால் இரண்டுக்கும் அந்தப் பெயர்.

இனி கிட்டங்கி. இந்த வடிவத்தைத் தமிழுக்குள்ளேயே விளக்கப் பார்த்தால் இடறும். கிடங்கு என்பதில் ஒற்றை 'ட', கிட்டங்கியில் இரட்டை. கடைசியில் உகரம் இகரமாகியிருக்கிறது. இரண்டு மாற்றமும் ஒரே நேரத்தில் சும்மா நடக்காது. தெலுங்குக்குப் போனால் விடை வாசலிலேயே நிற்கிறது: அங்கே சொல் 'கிட்டங்கி'. எழுத்து நமக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஒலி வேறு. தொடக்கத்தில் காந்தியில் வரும் 'க', நடுவில் அழுத்திச் சொல்லும் மென்மையான இரட்டை 'ட'. ரெட்டி என்ற பெயரை ஆந்திராக்காரர் சொல்லும்போது கேட்கும் அந்த 'ட்ட'தான். தமிழ் வாய்க்கு அந்த இரட்டை ஒலி பழக்கமில்லை. அதனால் ரெட்டியை 'வெட்டி' போல வன்மையாகச் சொல்கிறோம். கிட்டங்கிக்கும் அதுவே நடந்தது. முதலெழுத்தும் 'கடை'யின் 'க'வாக இறுகிவிட்டது. தெலுங்கில் இன்றும் இது அரசாங்கச் சொல். சேமிப்புக் கிடங்கு நிறுவனத்துக்கு அங்கே கிட்டங்குல சம்ஸ்த என்று பெயர். தமிழ்நாட்டில் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து வத்தல், பஞ்சு வியாபாரிகளும் கிட்டங்கி என்பார்கள். ஆகவே இது செட்டிநாட்டுக்கே உரிய சொல் இல்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதற்குக் கொடுத்த பொருள்தான் செட்டிநாட்டுக்கே உரியது. அதற்குப் பிறகு வருவோம்.

கப்பல் ஏறிய கதை மலாயில் இருக்கிறது. மலாய், இந்தோனேசிய மொழிகளில் பொருள் வைக்கும் இடம் 'குடாங்'. அதனோடு ஒட்டிப் பிறந்த 'கெடுங்' என்றால் பெரிய கட்டடம். ஜாவா பக்கம் 'கெடொங்' என்பார்கள். இந்தோனேசியாவில் கெடிரி ஊரில் 1958இல் தொடங்கிய கிராம்புச் சிகரெட் கம்பெனியின் பெயர் குடாங் காரம். உறைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காரம் என்றால் அங்கே உப்பு. உப்புக் கிடங்கு என்பதுதான் அந்தப் பெயர். அமெரிக்க வெள்ளை மாளிகையை இந்தோனேசியச் செய்தித்தாள்கள் கெடுங் பூத்தி என்கின்றன. வேரைப் பிடித்து நேராகத் தமிழாக்கினால் வெள்ளைக் கிடங்கு.

இது தமிழிலிருந்துதான் போனதா என்று எப்படிச் சோதிப்பது? 'ஒலி ஒத்துப்போகிறதே' என்பது சோதனை ஆகாது. உலகத்தில் ஆயிரம் மொழி. தேடினால் எதற்கும் ஏதாவது ஒத்துப்போகும். செய்ய வேண்டியது, அதே இரண்டு மொழிகளுக்கு நடுவே சந்தேகமில்லாமல் போன வேறு சொற்களை எடுத்து, அவற்றில் ஒலி எப்படி மாறியது என்று பார்த்து, அதே விதி இதற்கும் பொருந்துகிறதா என்று உரசுவது.

மலாயில் கடை 'கெடை', கப்பல் 'கபால்', கட்டில் 'காத்தில்', கூலி 'கூலி', பெட்டி 'பெத்தி', முதல் 'மொடால்'. முதலீட்டைத் தமிழ் வியாபாரி சொல்லிக்கொடுத்த சொல்லால்தான் இன்றும் சொல்கிறார்கள். கடை 'கெடை' ஆகும்போது முதல் உயிரெழுத்து தேய்ந்து மங்குகிறது. நடுவில் உள்ள 'ட' அப்படியே நிற்கிறது. கிடங்கின் முதல் உயிரும் அதுபோலத் தேய்ந்து, ஈற்றிலுள்ள குற்றியலுகரம் உதிர்ந்தால் கெடங், கெடொங் வரை வந்துவிடும். இதுவரை சரி.

உதைப்பது முதலெழுத்தில். மேலே சொன்ன கடை, கப்பல், கட்டில், கூலி எல்லாவற்றிலும் 'க' மலாயிலும் வன்மையான 'க'தான். காந்தியின் 'க'வாக எதுவும் மாறவில்லை. குடாங் மட்டும் காந்தியின் 'க'வோடு தொடங்குகிறது. தமிழ்க் கிடங்கே நேராகப் போயிருந்தால் இது நடந்திருக்கக் கூடாது. தெலுங்குக் கிட்டங்கி போயிருந்தால் சிக்கல் இல்லை, அங்கே முதலிலேயே அந்த ஒலிதான். சோழமண்டலக் கரையின் வடபகுதியிலிருந்து மலாக்காவுக்குத் துணி வியாபாரம் பலமாக நடந்தது. தென்னிந்தியரை மலாய்க்காரர் 'கெலிங்' என்று கூப்பிட்டதே கலிங்கத்தை வைத்துத்தான் என்பார்கள். ஆகவே வேர் நம்முடையது, கப்பல் ஏற்றியது தெலுங்கு வியாபாரி என்று சொல்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. தமிழ்ப் பெருமைக்கு இதில் குறைவொன்றும் இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தச் சொல்லை மலாக்காவுக்குக் கொண்டுபோனவர்கள் நகரத்தார் இல்லை. நம்மவர்கள் பினாங்கு, சிங்கப்பூர், பர்மா என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனது 19ஆம் நூற்றாண்டில். போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்ததே 1511இல். அப்போதே அங்கே இந்தச் சொல் வழக்கில் இருந்தது. மலாக்கா செட்டிகள் என்று இன்று அறியப்படும் சமூகம் வேறு, நாட்டுக்கோட்டையார் வேறு.

போர்ச்சுகீசியர் மலாக்காவில் கேட்ட சொல்லை 'குதாவ்ங்' என்பது போல மூக்கொலியில் முடித்து எழுதினார்கள். 1552 வாக்கில் காஸ்டன்யேடா என்ற போர்ச்சுகீசியர் எழுதிய வரலாற்றில், மலாக்காவைச் சூறையாடியபோது அந்தக் கிடங்குகளில் கிராம்பும் ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் சந்தனமும் எடுக்க எடுக்கத் தீராமல் கிடந்ததாகவும், ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டுதான் சுமந்து முடித்ததாகவும் வருகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1569 வாக்கில், சீசர் ஃபெடரிச்சி என்ற வெனிஸ் வியாபாரி பர்மாவின் பெகு நகரத்தில் இருந்தார். அவர் எழுதியதில் நமக்கு வேண்டிய விளக்கம் ஒன்று கிடைக்கிறது. பெகுவில் வீடுகள் மூங்கிலும் ஓலையும். தீப்பிடித்தால் தெருவே போய்விடும். அதனால் ஒவ்வொரு வியாபாரிக்கும் செங்கல்லால் கட்டிய ஒரு கட்டடம் இருந்தது. விலை உயர்ந்த சரக்கெல்லாம் அதற்குள். அதன் பெயர் 'கோடோன்'. மலாயில் கெடுங் என்றால் ஏன் கட்டடம் என்று இப்போது புரிகிறது. ஓலை வீடுகள் நடுவே கல்லாலும் செங்கல்லாலும் எழும்பி நின்றது கிடங்கு மட்டும்தான். அதனால் காரைக் கட்டடம் என்றாலே கிடங்கு என்றாகிவிட்டது. பாலித் தீவில் கோயிலுக்குள் இருக்கும் மூடிய சின்ன மாடத்துக்கும் கெடொங் என்றே பெயர்.

அங்கிருந்து இங்கிலீஷ். அதில் 'கோ' என்றால் போ, 'டவுன்' என்றால் கீழே. இரண்டையும் ஒட்டினால் கோடவுன். சரக்கு கீழே போகும் இடம் அதனால் கோடவுன் என்று இங்கிலீஷ்காரர்களே நம்பத் தொடங்கினார்கள். இன்றும் அப்படி விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. அந்நியச் சொல் வாய்க்கு வராதபோது, தெரிந்த சொற்களின் உருவத்துக்கு அதை வளைத்துவிட்டு, வளைத்த உருவத்தையே காரணமாகச் சொல்வது எல்லா மொழியிலும் நடப்பது. இந்த விளக்கம் தப்பு என்று காட்ட ஒரே ஒரு கேள்வி போதும்: இங்கிலீஷ்காரர் கிழக்கே வருவதற்கு முன்பே போர்ச்சுகீசியர் புத்தகத்தில் இந்தச் சொல் எப்படி வந்தது?

யூலும் பர்னெலும் இந்தியாவில் வழங்கிய இங்கிலீஷ் சொற்களுக்காக 1886இல் வெளியிட்ட ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, தமிழ்க் கிடங்கையும் தெலுங்குக் கிட்டங்கியையும்தான் மூலமாகக் காட்டுகிறது. அதில் பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், சரஸ்வதி மகாலின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். ஆனால் இந்திச் சொல்லான 'கோதாம்' இங்கிலீஷிலிருந்து எடுத்தது போலிருக்கிறது என்று அந்த அகராதி சொல்கிறதே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் இரண்டு.

முதலாவது நடு எழுத்து. இங்கிலீஷ் சொல் நம் மொழிகளுக்குள் வரும்போது அதன் ஒலி 'ட' ஆகிறது: டாக்டர், டவல். போர்ச்சுகீசியச் சொல் வரும்போது 'த' ஆகிறது: பாதிரி, துவாலை. டவலும் துவாலையும் ஒரே துணிதான். ஒன்று இங்கிலீஷ் வழியாகவும் மற்றது போர்ச்சுகீசியர் வழியாகவும் வந்ததால்தான் ஒன்றுக்கு 'ட', இன்னொன்றுக்கு 'த'. இந்தியில் அது கோதாம், வங்காளத்தில் குதாம், தெலுங்கில் கிட்டங்கிக்குப் பக்கத்திலேயே கோதாமு. எல்லாம் 'த'.

இரண்டாவது கடைசி எழுத்து. போர்ச்சுகீசியரின் அந்த மூக்கொலி ஈறு நம் மொழிகளில் 'ம்' என்று முடிகிறது. ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகீசியத்தில் 'லெய்லாவ்ங்', அரபியிலிருந்து அவர்கள் எடுத்தது. மலையாளத்தில் லேலம், இந்தியில் நீலாம். லகரத்தில் தொடங்கப் பிடிக்காத தமிழில் அது ஏலம். மலாயில் லெலொங். நகைக்கடன் வாங்கித் திருப்ப முடியாதவருக்கு வரும் நோட்டீசில் உள்ள ஏலமும், வட இந்தியச் சந்தையின் கோதாமும் ஒரே அச்சில் வார்த்தவை. இங்கிலீஷிலிருந்து வந்திருந்தால் 'ன்' வந்திருக்க வேண்டும். நம் குடோனில் 'ட'வும் 'ன்'னும் சேர்ந்து இருக்கின்றன. அதனால் நம்முடையது இங்கிலீஷ் வழி வந்தது, வடக்கில் உள்ளது போர்ச்சுகீசியர் வழி வந்தது. ஒரு 'த', ஒரு 'ம்', இரண்டு எழுத்தில் பாதை தெரிந்துவிடுகிறது.

சிங்களத்தில் இது 'குதம'. இலங்கைத் தமிழிலும் அதே வழியில் 'குதம்'. திருகோணமலையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி இலங்கைப் பத்திரிகைகள் எழுதும்போது 'எண்ணெய்க் குதங்கள்' என்றே எழுதும். தமிழ்நாட்டில் குதம் என்றால் சமஸ்கிருதத்திலிருந்து வந்த, உடம்பின் வேறொரு வாசலைக் குறிக்கும் சொல். முதல்முறை அந்தத் தலைப்பைப் படிக்கிற தமிழ்நாட்டுக்காரர் ஒரு கணம் திகைத்துத்தான் போவார். ஆகத் தமிழிலேயே நான்கு: கிடங்கு, கிட்டங்கி, குடோன், குதம்.

தாய்லாந்தில் 'கோடாங்', பர்மாவில் 'கோடவுங்'. ஹாங்காங்கில் 1886இல் தொடங்கிய துறைமுகக் கம்பெனியின் பெயரிலேயே கோடவுன் இருந்தது. சென்னை பாரிமுனைப் பக்கம் ஜவுளி மொத்தக் கடைகள் நெருக்கியடிக்கும் கோடவுன் தெரு எல்லோருக்கும் தெரிந்தது. இவற்றை இத்தோடு விடலாம்.

இப்போது நகரத்தார் கிட்டங்கி. விருதுநகர்க் கிட்டங்கியில் வத்தல் மூட்டை இருக்கும். பினாங்குக் கிட்டங்கியில் மூட்டை எதுவும் இருக்காது, ஆட்கள்தான் இருப்பார்கள். அது வட்டிக்கடை. முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் கடைவீடு. சுவர் எழுப்பி அறை பிரிப்பதில்லை. இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு தொழில் பெயருக்கும், ஓர் இடம். அந்த இடத்துக்குப் 'பெட்டியடி' என்று பெயர். பெயருக்கேற்ப ஒரு பெட்டி, தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கான சாய்வு மேசை, கணக்கு ஏடுகள், ஒரு பாய், ஒரு பெட்டகம். கடன் வாங்க வருகிறவர் நடுவில் நடந்து போய், தமக்கு வேண்டிய விலாசத்தின் முன் உட்காருவார். பெட்டியடிப் பையன் தண்ணீர் கொண்டுவருவான், கடிதம் கொண்டுபோவான். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே ஏஜண்டு. பகலில் கணக்கெழுதிய அதே இடத்தில் ராத்திரி பாய் விரியும். சமையல் பொதுவில், பின்கட்டில். ஏஜண்டு பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போவார். மனைவி, மக்கள் செட்டிநாட்டு வீட்டில்.

பொருள் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால், சரக்கு கிடந்த இடம் ஆள் கிடக்கும் இடமாயிற்று. ஆட்டுக்கிடையின் பொருளுக்கே சுற்றி வந்துவிட்டது. ஊர்ப்பக்கம் வீட்டின் பாகங்களைச் சொல்லும் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு இவற்றில் எதையும் அந்தக் கடைவீட்டுக்கு அவர்கள் வைக்கவில்லை. அது வீடு இல்லை என்பதில் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் முழுக்க இப்படிக் கிட்டங்கிகள் இருந்தன. ஊர்ப்பேச்சில் அது செட்டித் தெரு. நகரத்தைத் திருத்திக் கட்டியபோது அவை இடிபட்டன. பினாங்கில் லெபு பினாங்குத் தெருவில் இன்னும் அந்த வாசனை இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்குள்ள கோவில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது.

மலாய்க்காரரின் குடாங்கும் செட்டியாரின் கிட்டங்கியும் அதே தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களின் பெயராக இருந்திருக்கும். இரண்டும் ஒரே சொல் என்று இருவருக்கும் தோன்றியிருக்காது. குடாங் என்றால் சரக்கு, கிட்டங்கி என்றால் கடன். பொருள் அவ்வளவு தூரம் விலகிவிட்டால் காது ஒற்றுமையைப் பிடிக்காது.

இதுபோல வேறு சொல்லைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. பல சொற்களுக்குப் பக்கத்து மொழி வடிவங்களை அடைப்புக்குறிக்குள் கொடுத்திருப்பார்கள். பலரும் பொருளை மட்டும் படித்துவிட்டு அந்த அடைப்பைத் தாண்டிவிடுவார்கள். வேலை அங்கேதான் இருக்கிறது. அடுத்து பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு. மலையாளத்துக்குக் குண்டர்ட், தெலுங்குக்கு பிரவுன், கன்னடத்துக்கு கிட்டல். இந்த அகராதிகளில் பலவும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்திலேயே தேடலாம், ஆனால் பழைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். குடோன் என்று போட்டால் கைவிரிக்கும். கிடங்கு என்று போடுங்கள்.

ஒரு தாளில் கட்டம் போட்டு மொழி, வடிவம், பொருள், முதலில் எழுத்தில் வந்த காலம் என்று நான்கு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். காலப் பத்தி காலியாக இருந்தால் முடிவுக்கு வராதீர்கள். தமிழ் எழுத்தில் வேற்று மொழிச் சொல்லை எழுதும்போது காந்தியின் 'க'வும் கடையின் 'க'வும் ஒன்றாகத் தெரியும். அதனால் பக்கத்திலேயே எந்த 'க' என்று குறித்துவிடுங்கள். மேலே பார்த்தபடி தெலுங்கு வழியா தமிழ் வழியா என்ற கேள்வியே அந்த ஓர் எழுத்தில்தான் தொங்குகிறது. குறிக்காமல் விட்டால் விடை உங்கள் தாளிலேயே அழிந்துபோகும்.

செட்டிநாட்டிலேயே பழகிப் பார்க்கச் சொற்கள் நிறைய. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் விற்கும் 'மங்கு'ப் பாத்திரத்தை எடுங்கள். மலாயில் 'மங்குக்' என்றால் கிண்ணம். விருந்தில் போடும் கவுனி அரிசியை எடுங்கள். பர்மியரின் ஒட்டரிசிக்குப் பெயர் 'கவுக்ஞின்'. இந்த இரண்டும் கடைசி மெய்யை உதறிவிட்டுத் தமிழுக்குள் வந்திருக்கின்றன. இதற்கு நேர் எதிராக ஒன்று: செட்டிநாட்டுத் தூண்களுக்குப் பர்மாவிலிருந்து வந்த தேக்கு. மரம் பர்மாவுடையது, பெயர் நம்முடையது. இங்கிலீஷ் 'டீக்', போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்டு எழுதிய 'தேக்கா' வழியாகப் போனது. அங்கே 'த', இங்கிலீஷில் 'ட'. துவாலைக்கும் டவலுக்கும் சொன்னது இதற்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எழுதும்போது எதை எழுதுவது என்று கேட்டால்: சரக்கு வைக்கும் இடத்துக்குக் கிடங்கு, பேச்சுப் போக்கில் குடோன், இரண்டும் சரி. கொடவுன் என்று நீட்டி எழுத வேண்டியதில்லை, யாரும் அப்படிச் சொல்வதில்லை. நகரத்தார் கடல்கடந்த தொழிலைப் பற்றி எழுதும்போது மட்டும் கிட்டங்கியைக் கிடங்கு என்று திருத்தாதீர்கள். திருத்தினால் அந்தக் கட்டடத்தில் இருந்த மனிதர்கள் போய் மூட்டைகள் வந்துவிடும். லாரிக்காரரிடம் கிட்டங்கி என்று சொல்லி அனுப்பினால், விருதுநகர்க்காரராக இருந்தால் வண்டி சரியாகப் போய் நிற்கும். காரைக்குடிக்காரராக இருந்தால், பினாங்குக்கா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்.